கடலில் விதைத்தவர்

தஞ்சைத் தரணியில் கப்பல் என்றதும் முதியோர் பலருக்கும் நினைவில் வருவது 'ரஜூலா'. சென்னையிலிருந்து புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற கப்பல் அது. 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் வங்கக் கடலில் ஓடியது. நாகையில் கப்பல் கரையோடு வந்து நிற்பதில்லை. கடலில் சற்றுத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் சென்று ஏற வேண்டும். காவிரிப் படுகையின் எத்தனையோ குடும்பங்களின் வரலாறு அந்தப் படகுப் பயணத்தில்தான் தொடங்குகிறது.

அக்கப்பலுக்கு உரியவர்கள் யார் என்று நம்மவர் அதிகம் கேட்டதில்லை. அது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குச் சொந்தமானது. 1856-இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே தபால் கொண்டுசெல்லத் தொடங்கி, பின்னர் இந்தியக் கடற்கரை முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்த ஆங்கில நிறுவனம் அது. அந்த நிறுவனத்தை எதிர்த்து ஒரு தமிழர் கப்பல் விட்டார். அவர் கதை நாடறிந்தது. ஆனால் அதனை நாம் பெரும்பாலும் சிறையின் கதையாகவும் செக்கின் கதையாகவுமே சொல்லி வந்திருக்கிறோம். பங்கு, முதல், நட்டம், கடன் ஆகியவற்றின் கதையாகச் சொல்வது குறைவு. நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலரில், வ.உ.சிதம்பரனாரின் வாழ்வை அக்கணக்கேட்டின் வழியே ஒருமுறை நினைத்துப் பார்ப்பது பொருத்தமாகும்.

ஒட்டப்பிடாரத்து வழக்கறிஞர்

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிதம்பரனார் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை வழக்கறிஞர். தாய் பரமாயி அம்மாள். சிதம்பரனார் சட்டம் பயின்றது காவிரிக் கரையில், திருச்சிராப்பள்ளியில். 1895-இல் தம் ஊரிலேயே வழக்காடத் தொடங்கி, 1900-இல் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தார். ஏழைகளுக்காக வாதாடுபவர் என்ற நற்பெயரும், அதன் பயனாக அதிகாரிகளின் பகையும் அவருக்கு இளமையிலேயே வாய்த்தன.

தூத்துக்குடி அந்நாளில் கொழும்புக்கு வாயிலாக விளங்கியது. 1876-இல் இரயில் பாதை அங்கே எட்டிய பின், தென்னாட்டிலிருந்து இலங்கை செல்வோர் பெரும்பாலும் அத்துறைமுகத்திலேயே கப்பலேறினர். இலங்கையின் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர், கொழும்பில் கடை வைத்திருக்கும் வணிகர், அங்கே உண்பதற்கான அரிசி, உடுப்பதற்கான துணி எல்லாம் அவ்வழியே சென்றன. ஆளும் சரக்கும் தமிழருடையவை. கூலியும் கட்டணமும் தமிழர் கொடுப்பவை. கப்பல் மட்டும் வேற்று நாட்டாருடையது. கட்டணத்தைக் குறிப்பவரும், இடம் உண்டு இல்லை என்று சொல்பவரும் அவர்களே. இந்நிலையைத் தம் அலுவலகத்துக்கு வரும் வணிகர்களின் வாய்மொழியாகச் சிதம்பரனார் நாள்தோறும் கேட்டார்.

1905-இல் வங்காளம் பிரிக்கப்பட்டதும் சுதேசி இயக்கம் நாடெங்கும் மூண்டது. அந்நியத் துணியை எரிப்பது பலருக்கு அவ்வியக்கத்தின் அடையாளமாகத் தோன்றியது. சிதம்பரனாருக்கோ எரிப்பதைவிட ஆக்குவதே பெரிதாகப்பட்டது. பண்டகசாலையும் நெசவுச்சாலையும் அமைக்க முனைந்தவர், அடுத்துக் கப்பலை எண்ணினார்.

நாற்பதாயிரம் பங்குகள்

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. முதல் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். ஆக, 40,000 பங்குகள். இந்த 25 ரூபாய் என்ற எண்ணைச் சற்று நின்று நோக்க வேண்டும். பெருஞ்செல்வர் சிலரிடம் ஆயிரக்கணக்கில் வாங்கிக் கம்பெனி தொடங்குவது எளிய வழி. சிதம்பரனார் ஆசிரியரும் சிறு வணிகரும் எழுத்தரும் எட்டிப் பிடிக்கக்கூடிய அளவில் பங்கை வகுத்தார். கப்பல் நாட்டினுடையதாக இருக்க வேண்டுமானால் அதன் சொந்தக்காரரும் பலராக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

சங்கத்தின் தலைவராக அமைந்தவர் பாலவனத்தம் சமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே பெருமகனார். தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர். கப்பல் சங்கத்துக்கும் தலைவர். ஏட்டுச் சுவடிகளைக் காப்பதும் கடல்வழியைக் காப்பதும் ஒரே தொண்டின் இரு பக்கங்கள் என்று கருதிய காலம் அது. சிதம்பரனார் ஏற்றதோ துணைச் செயலாளர் பதவி. சுமை அனைத்தும் அவர் தோளில். தலைமைப் பெயர் பிறருக்கு.

பங்குகளுக்காக ஊர் ஊராகச் சென்றார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் ஒருவர் மட்டும் 8,000 பங்குகளை, அஃதாவது இரண்டு லட்ச ரூபாய்க்கு, வாங்கி உதவினார். மொத்த முதலில் ஐந்தில் ஒரு பங்கு அது. சேலம் விஜயராகவாச்சாரியார் போன்றோர் சட்டத் துணை நல்கினர். பாரதியார் தம் பத்திரிகையில் பங்கு சேர்க்கும்படி எழுதினார். சாதியும் சமயமும் கடந்து ஒரு வணிக முயற்சிக்குத் தமிழ்நாட்டில் இவ்வளவு பேர் கைகொடுத்தது அதற்கு முன் அரிது.

தொடக்கத்தில் சங்கத்துக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய்க் கம்பெனி ஒன்றின் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தினர். ஆங்கிலக் கம்பெனி அங்கே அழுத்தம் கொடுத்து அந்த வாடகையை முறித்தது. உடனே கொழும்பு சென்று வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்துச் சிதம்பரனார் நிலைமையைச் சமாளித்தார். வாடகைக் கப்பலை நம்பி வாணிகம் செய்வது பிறர் ஏரில் உழுவதைப் போன்றது என்பது அவருக்குப் புலப்பட்டுவிட்டது. கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் திரும்பேன் என்ற உறுதியுடன் பம்பாய்க்குப் புறப்பட்டார். அப்போது வீட்டில் மகன் நோயுற்றிருந்தான். மனைவி மீனாட்சி அம்மாள் நிறைமாதக் கருவுற்றிருந்தார்.

1907-இல் 'காலியோ', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடித் துறையை அடைந்தன. ஒவ்வொன்றும் 1,300 சாதாரண வகுப்புப் பயணிகளையும் 4,000 மூட்டைச் சரக்கையும் சுமக்கவல்லது. துறைமுகத்தில் திரண்ட மக்களின் மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ!

ஓசிக் கப்பலும் ஒரு குடையும்

இனித்தான் உண்மையான சோதனை. ஆங்கிலக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு இறங்கியது. அதற்குமேல் ஆங்கிலக் கம்பெனி கட்டணமே வேண்டாம் என்றது. இலவசமாக ஏறுவோருக்கு ஒரு குடையும் தருவதாக ஆசை காட்டியது. அவ்வளவு செய்தும் மக்கள் பெரும்பாலும் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலிலேயே ஏறினர் என்பது நம் நாட்டுப் பொதுமக்களின் பெருமை.

ஆனால் பெருமை வேறு, கணக்கு வேறு. கப்பல் தொழிலின் தன்மையை இங்கே ஓரளவு விளங்கிக்கொள்ள வேண்டும். கப்பல் நிறைந்து சென்றாலும் வெறுமையாய்ச் சென்றாலும் எரியும் நிலக்கரி ஏறத்தாழ ஒன்றே. துறையில் சும்மா நின்றாலும் மாலுமிகளின் சம்பளமும் துறைமுகக் கட்டணமும் பழுதுபார்க்கும் செலவும் நிற்பதில்லை. எனவே கட்டணப் போட்டி என்பது யாருடைய பணப்பை முதலில் காலியாகும் என்ற போட்டியேயன்றி வேறில்லை. ஆங்கிலக் கம்பெனிக்குக் கல்கத்தா, ரங்கூன், பம்பாய், பாரசீக வளைகுடா, கிழக்கு ஆப்பிரிக்கா என்று எத்தனையோ வழித்தடங்கள். அரசின் தபால் ஒப்பந்தத்தால் வரும் நிலையான வருவாய் வேறு. கொழும்பில் இழப்பதை ரங்கூனில் ஈடுசெய்யலாம். சுதேசிச் சங்கத்துக்கு இருந்ததோ ஒரே ஒரு வழித்தடம். நம் படுகையில் இதை விளக்க வேண்டியதில்லை. பத்து ஊரில் பத்து வேலி நிலம் உடையவருக்கு ஓர் ஊரில் வெள்ளம் புகுந்தால் அது ஓராண்டு வருத்தம். ஒரு மா நிலமே உடையவருக்கு அதே வெள்ளம் வாழ்வின் முடிவு.

இந்தப் போர்முறை சிதம்பரனாருக்காகப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1884-இல் வங்காளத்தில் கவி தாகூரின் தமையனார் ஜோதிரிந்திரநாத் ஆற்றுவழிக் கப்பல் விட்டபோது, இதே இலவசச் சலுகைப் போட்டியில் பொருளிழந்து ஒதுங்கினார். 1890-களில் ஜாம்ஷெட்ஜி டாட்டா சீன வாணிகத்துக்குக் கப்பல்களை அமர்த்தியபோது, பி அண்டு ஓ கம்பெனி சரக்குக் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து அவரையும் விலகச் செய்தது. டாட்டா போன்ற பெருஞ்செல்வராலேயே தாங்க இயலாத அடியை, 25 ரூபாய்ப் பங்குகளால் திரண்ட ஒரு சங்கம் தாங்கி நின்றது.

சிறையும் விற்பனையும்

1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்குத் துணைநின்றவர்கள் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும். வேலைநிறுத்தம் வென்றது. மார்ச்சு 12-ஆம் நாள் இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். ஜூலையில் நீதிபதி பின்ஹே, சிதம்பரனாருக்கு இரட்டைத் தீவாந்தரம், நாற்பதாண்டு எனத் தீர்ப்பளித்தார். மேல்முறையீடுகளில் அது ஆறாண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் அவர் பட்ட பாடு நாடறியும். வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டது. அவர் கைதான செய்தி கேட்டு மனம் பேதலித்த தம்பி பிறகு தேறவேயில்லை.

சிதம்பரனார் சிறையில் இருந்தபோது சங்கம் என்னவாயிற்று? கைதுக்கு முன்பே இயக்குநர்களில் சிலர் அவர் அரசியலை விட்டுவிட வேண்டும் என்று விரும்பியதுண்டு. அவர்களை வெறும் கோழைகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது, நேர்மையாகாது. பிறர் பணத்தைக் காப்பது இயக்குநரின் கடமை. அவர்கள் அஞ்சியதற்குக் காரணமும் இருந்தது. எனினும் சிதம்பரனார் முன் நின்ற சிக்கல் இதனினும் ஆழமானது. சங்கத்தின் பங்குகள் விற்றதே சுதேசி உணர்ச்சியால். அவ்வுணர்ச்சியை அணைத்துவிட்டால், குடையை மறுத்துக் காசு கொடுத்து ஏறும் பயணி இல்லை. அணைக்காவிட்டால் அரசு விடப்போவதில்லை. அரசியலை விட்டால் வாணிகம் நலியும். அரசியலைப் பற்றினால் வாணிகம் அழியும். இவ்விரண்டுக்கும் நடுவே பாதுகாப்பான வழி ஒன்று இருந்தது என்று நூறாண்டு கழித்து நாம் சொல்வது அவ்வளவு பொருந்தாது.

1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது. காலியோ கப்பல் விற்கப்பட்டது. வாங்கியது அதே ஆங்கிலக் கம்பெனி. அவ்வாண்டிலேயே பாண்டித்துரைத் தேவரும் மறைந்தார். கப்பலை உடைத்துச் சுக்கல் சுக்கலாக்கிக் கடலில் வீசியிருக்கலாம், பகைவனுக்கு விற்றிருக்க வேண்டாம் என்று சிதம்பரனார் பிற்காலத்தில் மனம் நொந்ததாகக் கூறுவர். அந்தத் துயரம் நமக்குப் புரிகிறது. ஆனால் 25 ரூபாய் போட்டுவிட்டு எதுவும் திரும்பாமல் நின்ற சிறிய பங்குதாரரின் துயரமும் அதே ஏட்டில் உள்ளது. பெயர் தெரியாத அவர்களுக்கு நாம் சிலை வைக்கவில்லை.

வேறு வழி இருந்ததா?

ஒரு சிந்தனைக்காகச் சொல்லலாம். 1904-ஆம் ஆண்டில், சிதம்பரனாருக்கு இரண்டே ஆண்டு முன்னர், டென்மார்க்கின் ஸ்வென்போர்க் என்னும் சிற்றூரில் ஒரு தந்தையும் மகனும் பழைய நீராவிக் கப்பல் ஒன்றை வாங்கிச் சிறு கம்பெனி தொடங்கினர். அதுவே இன்று மெர்ஸ்க் என்னும் பெயரில் உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்துள்ளது. டென்மார்க் நமக்கு அயலான நாடன்று. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்று, 1845 வரை நம் கரையில் கோட்டை வைத்திருந்த நாடு அது. இரண்டு முயற்சிகளும் சிறியன. இரண்டும் பழைய கப்பலோடும் பெரிய நம்பிக்கையோடும் தொடங்கியவை. ஒன்றுக்குப் பின்னால் தன் நாட்டின் அரசு இருந்தது. மற்றொன்றுக்கு எதிரே நாட்டை ஆண்ட அரசே நின்றது. தொழிலறிவும் வாய்ப்பும் காலமும் பிற காரணங்களாயினும், இவ்வேறுபாடு சிறிதன்று.

1919-இல் வால்சந்த் ஹீராசந்தும் நரோத்தம் மொரார்ஜியும் தொடங்கிய சிந்தியா கம்பெனி நிலைத்தது. அவர்களிடம் பெருமுதல் இருந்தது. உலகப் போருக்குப் பின் காலமும் மாறியிருந்தது. அவர்களும்கூட 1923-இல் ஆங்கிலக் கம்பெனியோடு ஓர் உடன்படிக்கை செய்து, தம் எல்லையைச் சுருக்கிக்கொண்ட பிறகே மூச்சுவிட முடிந்தது. சிந்தியாவின் முதற் கப்பல் பம்பாயிலிருந்து புறப்பட்ட ஏப்ரல் 5-ஆம் நாளையே தேசியக் கடல்வாணிப நாளாக இந்தியா கொண்டாடுகிறது. தூத்துக்குடி நாளை யாரும் கொண்டாடுவதில்லை. வென்றவரின் பஞ்சாங்கம் அப்படித்தான் அமையும் போலும்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இரயிலோடு இணைந்த கப்பல் போக்குவரத்து தொடங்கியது. கொழும்புப் பயணிகள் பெருவாரியாக அவ்வழிக்கு மாறினர். சுதேசிச் சங்கம் அழியாதிருந்தாலும், அந்த ஒரே வழித்தடத்தை நம்பி வாழ்ந்திருக்க முடியாது. வேறு கரைகளைத் தேடியிருக்க வேண்டும். நாகைக்கும் பினாங்குக்கும் அது கப்பல் விட்டிருந்தால், நம் பாட்டன்மார் ஏறிய கப்பலின் பெயர் வேறாக இருந்திருக்கும்.

கடன்களின் பட்டியல்

1912 டிசம்பரில் சிதம்பரனார் விடுதலையானார். வரவேற்கக் கூட்டமில்லை. சென்னையில் சிறுகடை வைத்துப் பார்த்தார். கோயம்புத்தூரில் வங்கி ஒன்றில் பணிபுரிந்தார். வறுமை உடன் வந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய தொகை காந்தியடிகளின் கைக்கு வந்திருந்தது. அதைக் கேட்டு அவர் எழுதிய கடிதங்கள் படிப்போர் உள்ளத்தை உருக்குவன. பத்து லட்ச ரூபாய்க் கம்பெனியை நடத்தியவர் இறுதியில் 1916-இல் பெற்றுக்கொண்டது 347 ரூபாய் 12 அணா. தென்னாப்பிரிக்காவில் அத்தொகையைத் தந்தோர் பெரிய செல்வர் அல்லர். தில்லையாடியிலும் மயிலாடுதுறைப் பக்கத்திலும் வேர் கொண்ட குடும்பங்கள் பலவும் அந்நாட்டில் உழைத்து வாழ்ந்த காலம் அது.

பின்னர் நீதிபதி வாலஸ் என்னும் ஆங்கிலேயர் முயற்சியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியோடு பகை கொண்டவர், ஆங்கிலேயர் ஒருவரின் நன்மையைக் கடனாகவே எண்ணினார் என்பது நினைக்கத்தக்கது.

எல்லாம் இழந்த பின்னரும் தமிழை அவர் விடவில்லை. சிறையிலேயே ஜேம்ஸ் ஆலனின் நூலைத் தமிழாக்கினார். 'மெய்யறம்', 'மெய்யறிவு' என்னும் நூல்களை இயற்றினார். திருக்குறளுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையை வெளிக்கொணர உழைத்தார். கப்பல் போன பிறகும் அவரிடம் ஒரு பங்கு எஞ்சியிருந்தது. அதை நம் மொழியில் இட்டுச் சென்றார். நம்மைப் போன்ற இலக்கிய அன்பர்கள் இன்றளவும் அதன் ஆதாயத்தைப் பெற்று வருகிறோம்.

1936 நவம்பர் 18-ஆம் நாள், தம் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்தில் அவர் உயிர் நீத்தார். அதற்குச் சின்னாட்களுக்கு முன் எழுதிய உயிலில், தாம் கொடுக்க வேண்டிய கடன்களை முறையாகக் குறித்து வைத்தார். கடை பாக்கிகள் கூட அதில் இடம்பெற்றன. இந்திய நாடே தமக்குக் கடன்பட்டிருந்ததை அவர் எங்கும் வரவில் எழுதவில்லை.

2011-இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அது நல்லதே. எனினும் பெயர் சூட்டுவதால் மட்டும் அக்கடன் தீராது. மேட்டூரில் நீர் திறக்குமா, ஐப்பசியில் அடைமழை பெய்யுமா என்று அறியாமலே ஆண்டுதோறும் விதையைச் சேற்றில் இடுபவர்கள் நாம். ஒரு போகம் பொய்த்தால் நிலத்தை விற்றுவிட்டு ஓடுவதில்லை. அடுத்த போகத்துக்கு விதை தேடுகிறோம். சிதம்பரனார் கடலில் விதைத்தார். முதற்போகம் அழிந்தது. இரண்டாம் போகத்துக்கு அவர் பக்கம் நிற்க ஆளில்லாமற் போனதுதான் அக்கதையின் மெய்யான துயரம்.

சிறு தொகைகளைச் சேர்த்து, ஒருவரையொருவர் நம்பி, பத்தாண்டு ஒரு சங்கத்தை நடத்துவது எவ்வளவு அரிது என்பதை நம் வட்டத்தின் அன்பர்கள் அறிவார்கள். அவ்வரிய செயலைக் கடல் நடுவே, பேரரசு ஒன்றின் கண்ணெதிரே செய்து பார்த்தவரை இம்மலரில் வணங்கி நினைவுகூர்கிறோம்.